பெயர் போடாத ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் பெண்கள் யாரும் யாரையும் திட்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தோம். தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசக் கூட்டம் நடக்கும். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் சகோதரியைத் திருத்தும் ஆண்டவரே என்று ஒருத்தி உருகினால், இரண்டாம் வரிசையில் இருப்பவள் தன் முறை வரும்போது பதில் ஜெபம் செய்வாள். ஆமென் சொல்லிவிட்டு எல்லாரும் ஒன்றாக டீ குடிப்போம். நானும் இதில் சளைத்தவள் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற ஜெபக் குறிப்புகளை இனி மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றார் போதகர். நான் அரசு அலுவலகத்தில் தட்டச்சர், பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர் வேறு. வேலை என் தலையில் விழுந்தது. திங்கள்தோறும் ஆபீஸ் விட்டதும் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்காருவேன். தமிழ் எழுத்து போய்ச் சேரும் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவேன். மொத்தம் அறுபது விலாசங்கள். மேலே போதகர் எழுதித் தரும் நான்கு வரி அறிவுரை, கீழே குறிப்புகள்.

ஐக்கியத்தின் தலைவி ஓர் அக்கா. கணவரை இழந்தவர், வாய் கொஞ்சம் நீளம். அவருடைய ஒரே மகனுக்கு முப்பத்து மூன்று வயது. மூன்று சம்பந்தம் பேசி முறிந்து, நாலாவதாக நாவலூரில் ஒரு பெண் அமைந்திருந்தது. நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, பெண்களெல்லாம் வேனில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். நான் கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதம் வேன் சூட்டில் ஊசிப்போயிருந்தது. அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இத நாயி கூட மோந்துட்டு அப்பால போய்டும். வூட்லயும் இப்டித்தான் ஆக்கிப் போட்றியா?"

இருபது பேர் சிரித்தார்கள். நான் சவுக்குத் தோப்புப் பக்கம் போய் அழுதேன். திரும்பும் வழியெல்லாம் வேனில் பாட்டுப் பாடினார்கள். நான் சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் திங்கள் போதகர் கொடுத்த அறிவுரை கனிவாகப் பேசுவதைப் பற்றியது. பேச்சுக்கு உப்புப் போடுங்கள், மிளகாய்ப்பொடி தூவாதீர்கள் என்று எழுதியிருந்தார். ஒரு பிழை இல்லாமல் தட்டினேன். கீழே ஏழாவது குறிப்பாக நானே ஒன்றைச் சேர்த்தேன்: "பெண்கள் ஐக்கியத்தில் பொறுப்பில் இருக்கும் ஒரு சகோதரியின் கடுஞ்சொல் அடங்கவும், அவர் வீட்டில் சமாதானம் உண்டாகவும் ஜெபிப்போம்." பெயர் போடவில்லை. அதைப் பெரிய நாகரிகம் என்றே நினைத்தேன். அனுப்பியபோது நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

புதன்கிழமை போதகரின் மனைவி போன் செய்தார். நாவலூர்ப் பெண்ணின் அப்பா நம் குறிப்புகளை வாரம் தவறாமல் அச்செடுத்து வைத்து ஜெபிக்கிறாராம் என்று சந்தோஷமாகச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் அவர் விலாசத்தைச் சேர்த்தவளே நான்தான். பிரவுசிங் சென்டருக்கு ஓடி, அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். போனது போனதுதான் என்றார் கடைக்காரர். இப்படிப்பட்ட மாமியாரிடம் யார் பெண் கொடுப்பார்கள்? இதுவும் முறிந்தால் அந்தப் பையனின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாவலூர்ப் பெண்ணின் அப்பா மனைவியோடு வந்திருப்பதைப் பார்த்தேன். நேராக என்னிடம் வந்து, வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். ஏழாவது குறிப்பின் கீழே பேனாக்கோடு போட்டிருந்தது. பத்தடி தள்ளி அக்கா பாய் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டுவது நின்றது.

"இந்தச் சகோதரி யாருன்னு தெரிஞ்சா, பேர் சொல்லி ஜெபிக்க வசதியா இருக்கும் சிஸ்டர்," என்றார் மெதுவாக.

எங்கள் ஆட்கள் வம்பு கேட்பதும் இப்படித்தான். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது, பெண்ணைக் கொடுக்கப் போகிறவர். வேறு யாரையாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். பொறுப்பில் இருந்ததோ இரண்டே பேர், அக்காவும் நானும்.

"அது நான்தான் பிரதர்," என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்களப் பத்தி நீங்களே எழுதினீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் முகம் தெளிந்தது. தன் குற்றத்தைத் தானே எழுத யாருக்கு மனசு வரும் என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பூமிக்குள் புதைந்துவிடலாம் போல அவமானமாக இருந்தது எனக்கு.

அவர்கள் நகர்ந்ததும் அக்கா கிட்டே வந்தார். செவ்வாய்க்கிழமையே மகன் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டிவிட்டானாம். அத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாயி மோந்துட்டுப் போவும்னு சொன்னேனே, அதுக்குத்தான?" என்றார்.

"ஆமாக்கா. ரொம்ப வலிச்சுது."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அறுபது பேருக்குத் தட்டி அனுப்பியதை, வலிக்கச் சொன்னவரிடமே வாய்திறந்து சொல்லலாம் என்று எனக்கு அன்றுவரை தோன்றவே இல்லை.