பனியில் ஒரு ரோல்கால்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், பட்டாளத்து லைனில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. எழுந்திருக்க ஒரு பியூகிள் ஊதல், சாப்பாட்டுக்கு ஒரு பியூகிள், பொழுது சாயும்போது ரோல்காலுக்கு ஒன்று. மைதானத்தில் அப்பாக்கள் வரிசையாக நிற்க, ஹவில்தார் மேஜர் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவார். இருப்பவர் "ஹாஜர்" என்று கத்த வேண்டும். சத்தம் வராவிட்டால் "கைர்ஹாஜர்" என்பார். ஆள் இல்லை என்று அர்த்தம். மறுநாள் தண்டனை நிச்சயம்.

மைதானத்தின் ஓரத்தில் பிள்ளைகள் நாங்களும் அதையே விளையாடுவோம். வரிசையில் அவரவர் அப்பாவின் இடத்தில் அவரவர் நிற்க வேண்டும். அப்பா பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதனால் அவருடைய நம்பருக்கு நாங்கள் "ஹாஜர்" சொல்வோம். கூப்பிடுகிறவன் சுபேதாரின் மகன். அந்த வயதிலேயே அவனுக்குத் தொப்பை இருந்தது. அதிகாரம் பண்ண அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சீனச் சண்டை வந்தது. அப்பாக்களைக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பினோம். காவலுக்கு மிஞ்சியிருந்த ஒருவர் அன்று சாயங்காலமும் பியூகிள் ஊதினார். மைதானத்தில் ஒருவரும் இல்லை. யாரும் சொல்லாமலே நாங்கள் ஓரத்தை விட்டு நடுவில் போய், அப்பாக்கள் நின்ற இடங்களில் நின்றோம். ஏரியிலிருந்து பனி ஏறி வந்தது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என் வயது. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே செக்ஷன், வரிசையிலும் அடுத்தடுத்து நிற்பார்கள். மாமா கல்யாணத்துக்கென்று அவள் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்த அன்று, அவளுடைய அப்பா நம்பருக்குப் பதில் வரவில்லை. சுபேதார் மகன் விளையாட்டாக "கைர்ஹாஜர்" என்றான். அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. அவள் அம்மாவின் அழுகை லைன் முழுக்கக் கேட்டது. பெரியவர்கள் சண்டையைத் திட்டினார்கள். எங்களுக்குக் காரணம் வேறு.

அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூட ரோல்காலைத் தவறவிடவில்லை. காய்ச்சல்காரன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றான். அம்மாக்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணும் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். அவள் அப்பாவின் நம்பரைச் சுபேதார் மகன் வழக்கம்போல் கூப்பிட்டான். அவள் வாய் திறக்கவில்லை. மறுபடி "கைர்ஹாஜர்" சொல்ல அவனுக்கும் தைரியமில்லை. கொஞ்சம் பொறுத்துவிட்டு அடுத்த நம்பருக்குப் போனான். தினமும் அப்படித்தான்.

பிறகு எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். மைதானத்துக்குப் போக வேண்டும் என்று நான் அழுததை ஜன்னி என்றே நினைத்தாள் அம்மா.

"மாரியாத்தா வூட்ல இருக்கா. வாசப்படி தாண்டுனா கால ஒடிச்சிடுவேன்" என்றாள்.

பியூகிள் ஊதியது. ஜன்னல் வழியே ஒவ்வொரு நம்பராகக் கேட்டது. என் அப்பாவின் நம்பர் வந்தது. வெளியே பேச்சில்லை. அப்புறம், "ஹாஜர்" என்று ஒரு குரல். அவளுடைய குரல்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தினமும் அவள்தான் சொன்னாள். எனக்கு நன்றி தோன்றவில்லை, பயம்தான் வந்தது. அப்பாவைப் பறிகொடுத்தவள் சொன்னால் அது செல்லுமா? அல்லது அவர் போன இடத்துக்கே என் அப்பாவையும் இழுத்துவிடுமா? கேட்கலாமென்று எழுந்து போனபோது, அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கவயலுக்கே போயிருந்தார்கள். எனக்குப் பக்கத்து இடம் வெறுமையாயிற்று. அந்த நம்பரைக் கூப்பிடுவதை மட்டும் சுபேதார் மகன் நிறுத்தவில்லை.

என் அப்பா தடி ஊன்றி வந்து சேர்ந்தார். இளைத்துப் பாதி ஆளாகத்தான் வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அம்மா கேட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் வந்த பிறகும் பயம் விடாமல் நான் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் எங்களுக்கு முன்னால் பனி மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைச் சுபேதார் மகன் கூப்பிட்டான்.

"ஹாஜர், சாப்."

வளர்ந்த ஆளின் குரல், என் பக்கத்து இடத்திலிருந்து. பின்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை அழ ஆரம்பித்தது. திரும்பி, பனிக்குள் உற்றுப் பார்த்தேன். என்னை அழைத்துப்போக வந்த அப்பா, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார்.

அடுத்து அப்பாவின் சொந்த நம்பர். அப்பா வாய் திறக்கவில்லை. நான்தான் அழுதுகொண்டே "ஹாஜர்" என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பாவே பேசினார். "அந்தக் குளிர்ல எம்பக்கத்துலதான் கிடந்தான்மா. கடேசி வரைக்கும் அவன் நம்பர அவனே கூப்ட்டுக்கினு இருந்தான். அவனுக்காக ஹாஜர்னு சொல்ல எனக்குத்தான் வாய் வரல."

நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை விடவில்லை.