நாலேகால் அடிக் கோடு

ராஜபாளையம் பால்துரை தன் கழுத்தில் கிடக்கும் இஞ்சு டேப்பை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது மட்டும்தான் கழற்றி வைப்பார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வீடுகளுக்குத் துணியை வெட்டிக் கொடுப்பதும், தைத்து வந்ததை மொத்தமாகக் கடைகளுக்குப் போடுவதும் அவர் தொழில். நைட்டி உயரத்தில் அரை அங்குலத்தை வெட்டினால் நூறு நைட்டிக்கு ஒரு நைட்டித் துணி மிச்சம் என்று கண்டுபிடித்த மகான் அவர். அவரிடம் வாங்கி உடுத்திய பெண்களுக்கெல்லாம் கணுக்கால் தெரிந்தது. கேட்டால், "இப்ப அதான் பேஷன்" என்பார்.

அதே இஞ்சு டேப்பால் மாதம் பிறந்ததும் மகள் சுகிர்தாவைச் சுவரோடு நிற்கவைத்து அளப்பார். மற்ற அப்பன்மார் பிள்ளை வளர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். இவர் முகம் மாதா மாதம் இருண்டுகொண்டே போனது.

காரணம் பஸ். ஏறினவுடன் படிக்குப் பக்கத்துத் தகட்டில் ஒரு கோடு போட்டு 130 செ.மீ. என்று எழுதியிருக்கும். அதாவது நாலேகால் அடி. பிள்ளையின் தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட், மேலே போனால் முழு டிக்கெட். பால்துரை குடும்பம் ஞாயிறு தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் மனைவி இன்பத்தின் அம்மா வீட்டுக்குப் போகும். பாசமெல்லாம் இல்லை. அங்கே மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் பால்கோவா. மூன்று பேர் சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்றால், அதற்காகக் கொடுக்கிற பஸ் காசிலும் ஏதாவது மிச்சம் பிடிக்க வேண்டாமா?

சுகிர்தாவுக்கு ஆறு வயது ஆகும் வரை, இன்பம் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு "கைப்பிள்ளை" என்று சொல்ல வேண்டும். கைப்பிள்ளையின் கால் அம்மாவின் முழங்காலில் இடிக்கும். பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டு இன்பம் நாட்டு வைத்தியரிடம் போக, அந்தச் செலவைப் பார்த்துப் பால்துரை அந்த வழியைக் கைவிட்டார். அடுத்த வழிதான் குனிகிற வழி. பிள்ளை முழுப்பாவாடைக்குள்ளே முழங்காலை லேசாக மடக்கி, தோளைத் தொங்கவிட்டு, கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். எப்போது மடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகப் பால்துரை ஒரு தடவை இருமுவார். கண்டக்டர் அந்தப் பக்கம் போனதும் நிமிர்ந்துகொள்ளலாம்.

எட்டு வயதில் ஒரு இஞ்சு மடங்கினால் போதும் என்றிருந்தது. பதினொன்று முடியும்போது சுகிர்தா நாலரை அடி. மூன்று இஞ்சு மடங்கினாள். அந்த வழித்தட கண்டக்டர் சோலைராஜ் ஒருநாள் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டான்.

"ஏன் அண்ணாச்சி, ஊர்ப் பிள்ளையெல்லாம் வளருது, ஒங்க பாப்பா மட்டும் வருஷா வருஷம் குட்டையாயிட்டு வருதே. ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா?"

"எங்க வம்சமே அப்படித்தான் தம்பி" என்றார், ஐந்தே முக்கால் அடி பால்துரை.

பஸ்ஸே சிரித்தது. சுகிர்தா தரையைப் பார்த்துக்கொண்டு மடங்கி நின்றாள். இன்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கினதும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வளர்ற பிள்ளையை எம்புட்டு நாளைக்கு இப்படி மடக்கி வைப்பீங்க? நாலு பேர் சிரிக்கான்."

"சிரிச்சா சிரிக்கட்டும். அவன் சிரிக்கதுக்கு நாம ஏன் ஒரு ரூவா குடுக்கணும்?"

சுகிர்தா ஏன் மடங்கினாள் என்று கேட்கத் தோன்றும். அப்பனுக்குப் பயந்து மட்டும் இல்லை. இன்பத்தின் தம்பி அருளப்பன் மலேசியாவில் கிள்ளானில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் அக்கா வீட்டுக்குக் காலண்டர் அனுப்புவான். ஒரு வருஷக் காலண்டரில் மலைமேல் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவின் படம் வந்தது. ஆகாயத்தில் வளைத்து வளைத்துப் போட்ட தண்டவாளம், அதில் தலைகீழாகப் போகிற ரயில், ரயிலுக்குள்ளே கையைத் தூக்கிக்கொண்டு கத்துகிற பிள்ளைகள். சுகிர்தா அந்தத் தாளை மட்டும் கிழித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ஆராதனையில் உபதேசியார் ஜெபம் பண்ணும்போதெல்லாம் அவள் அதைத்தான் பார்த்தாள்.

பால்துரை அதைப் பார்த்துவிட்டார். பிள்ளையின் ஆசையைக் கூட வீணாக்காத மனிதர் அல்லவா?

"ஏட்டி, அதுல ஏறணுமா? நீ ஒழுங்கா மடங்குனேன்னா மிச்சமாவுற காசு அம்புட்டும் ஒன் உண்டியல்ல போடுதேன். ரொம்பினதும் அந்த ரயில்ல ஏத்துதேன். கர்த்தர் சாட்சி."

அன்றிலிருந்து சுகிர்தாவுக்கு ஒவ்வொரு மடக்கமும் அந்த ரயிலுக்குப் போகிற ஒரு படி. முட்டி வலித்தாலும், கூடப் படிக்கிற பிள்ளைகள் பஸ்ஸில் பார்த்துச் சிரித்தாலும், ஒரு ரூபாய் உண்டியலில் விழுகிற சத்தம் கேட்டதும் சரியாகிப் போகும். அவள் வேறு எதையும் கேட்டதில்லை. துணி, வளையல், சினிமா என்று எதுவுமே கேட்காமல் நான்கு வருஷம் மடங்கினாள்.

தொண்ணூற்றைந்து மே மாதக் கடைசியில் மலேசியாவுக்குப் புறப்பட்டார்கள். உண்டியல் ரொம்பியதால் என்று நினைத்துவிடாதீர்கள். விமானத்தில் பன்னிரண்டு வயது வரை பிள்ளைக்குக் குறைந்த கட்டணம். சுகிர்தாவுக்குப் பன்னிரண்டு முடியப் பதினோரு நாள் இருந்தது. கண்டக்டர் கோட்டைப் பார்ப்பான், விமானக்காரன் பிறந்த தேதியைப் பார்ப்பான், பிறந்த தேதியை மடக்க முடியாது என்று பால்துரைக்குத் தெரியும். விட்டால் போச்சு என்று டிக்கெட் எடுத்துவிட்டார்.

செலவை ஈடுகட்ட இரண்டு பெட்டி நிறைய நைட்டி. குடும்பத்தின் மாற்றுத்துணி ஒரு மஞ்சள் பையில். எட்டு நாள் தங்கப்போகும் மைத்துனன் வீட்டுக்கு அரைக் கிலோ பால்கோவா. அதிலும் கால் கிலோவை விமானத்தில் அவரே தின்றுவிட்டார். கிள்ளானில் அருளப்பனின் இரண்டு அறை வீட்டில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, அருளப்பனின் பெண்சாதியைத் தெருத் தெருவாக நைட்டி விற்க அனுப்பினார். அவளும் பாவம், கணுக்காலுக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போனாள்.

ஏழாம் நாள் பூங்காவுக்குப் போனார்கள். காரும் பெட்ரோலும் அருளப்பனுடையது. டிக்கியில் விற்காமல் மிஞ்சிய நைட்டிப் பெட்டி. உள்ளே தின்பண்டம் கொள்ளை விலை என்று கேள்விப்பட்டு, காலை ஒன்பது மணிக்கே வண்டி நிறுத்துகிற இடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் புளிச்சோற்றை ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தார். சாயங்காலம் வரைக்கும் பசிக்கக் கூடாதாம்.

டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒரு அளவுப் பலகை இருந்தது. பலகையில் ஒரு கோடு. பால்துரை கண்ணை இடுக்கிப் பார்த்தார். 130! கடல் தாண்டி வந்தும் அதே நாலேகால் அடி. சொந்தக்காரனைக் கண்ட மாதிரி அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கோட்டுக்குக் கீழே அரை டிக்கெட். முழு டிக்கெட்டுக்கும் அதற்கும் அந்த ஊர்க் காசில் பத்து வெள்ளி வித்தியாசம்.

"அத்தான், பிள்ளை நல்லா வளத்தியாத்தானே இருக்கா? முழு டிக்கெட்டே எடுத்துருவோம், காசு நான் குடுக்கேன்" என்றான் அருளப்பன்.

"நீ சும்மா இருலே மாப்ளே. காசு ஆரு குடுத்தாலும் காசுதான்."

பலகைக்குப் பக்கத்தில் சுகிர்தா நின்றதும் பால்துரை இருமினார். மூன்று இஞ்சு இறங்கினாள். தலைக்கு முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண் சிரித்துக்கொண்டே அவள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையை ஒட்டினாள். பெரியவர்களுக்குச் சிவப்புப் பட்டை. பத்து வெள்ளியை மடித்து உள்பைக்குள் வைத்துக்கொண்டு, "பாத்தியா?" என்று இன்பத்திடம் பெருமையடித்தார்.

சுகிர்தா மற்ற எதையும் பார்க்கவில்லை. தூரத்தில் அந்தத் தண்டவாளம் தெரிந்ததுமே ஓட்டம் பிடித்தாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் மலைக்குளிரில் நின்றார்கள். வேதபுத்தகத்துக்குள் இருந்த தாளை மடித்துக் கையில் கொண்டுவந்திருந்தாள். படத்தையும் ரயிலையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். பிள்ளை அப்படிச் சிரித்து இன்பம் பார்த்ததே இல்லை.

வாசலில் நின்ற பையன் அவள் மணிக்கட்டைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தான். மஞ்சள் பட்டைக்கு இந்த ரயில் கிடையாது. கோட்டுக்கு மேலே இருக்கிற சிவப்புப் பட்டைப் பிள்ளைகள் மட்டும்தான் ஏறலாம். அருளப்பன் கேட்டுத் தமிழில் சொன்னான்.

சுகிர்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்பாவைப் பார்த்தாள்.

"குனிஞ்சா ஏத்துதேன்னுதானப்பா சொன்னீங்க?"

பால்துரை பத்து வெள்ளி இருந்த உள்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"வாயத் தொறங்க!" இன்பம் அத்தனை பேர் நடுவில் போட்ட போட்டில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "நாலு வருஷமா இந்த ஒண்ணுக்காவ முட்டிய மடக்குனா எம் பிள்ளை. பத்து வெள்ளிக்கு அவ தலையிலயே கோடு கிழிச்சுட்டீங்களே, நீங்க மனுஷனா? இப்ப போயி முழு டிக்கெட்டு எடுக்கீங்களா, இல்ல நான் ஒங்க நைட்டிப் பெட்டியை இந்த மலையிலிருந்து உருட்டி விடவா?"

பால்துரைக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண்சாதி பேச்சுக்குக் கூசுகிற ஆள் இல்லை அவர். பிள்ளை அழாமல் அந்தத் தாளை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்ததைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. விறுவிறுவென்று டிக்கெட் இடத்துக்கு நடந்தார். மஞ்சள் பட்டைக்குக் கொடுத்தது திரும்பி வராதாம், சிவப்புக்கு முழுக்காசும் புதிதாகக் கட்ட வேண்டுமாம். கேட்டதும் விரல்விட்டு ஒருமுறை கூட்டிப் பார்த்தார். இருந்தாலும் எடுத்து வைத்தார். அவர் வாழ்நாளில் பேரம் பேசாமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

முக்காடு போட்ட பெண் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சுகிர்தாவை மறுபடியும் பலகையோரம் நிற்கச் சொன்னாள். பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். நாலரை அடியும் நின்றாள். அந்தப் பெண் குறுக்குக் கட்டையைக் கீழே இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பால்துரை இருமினார்.

சத்தியமாக வேண்டுமென்று இருமவில்லை. அது குனியச் சொன்ன இருமல் இல்லை, காசு போன வயிற்றெரிச்சலில் தொண்டை அடைத்து வந்த இருமல். பிள்ளையின் முழங்காலுக்கு அது எப்படித் தெரியும்? மூன்று இஞ்சு அப்படியே இறங்கியது. கட்டை கோட்டுக்குக் கீழே போய்த் தலையைத் தொட்டது.

அந்தப் பெண் வருத்தமாகச் சிரித்து, பணத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"ஏட்டி, நிமிருட்டி! நிமிரு!" பால்துரை அலறினார். சுகிர்தா விருட்டென்று நிமிர்ந்தாள். நேரம் கடந்துவிட்டது. இரண்டு தடவை அளந்து இரண்டு தடவையும் கீழேதான், இப்போது எம்பி நிற்கிறாள் போலிருக்கிறது என்றாள் அந்தப் பெண். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"மாப்ளே, அவகிட்ட சொல்லுலே. எம் பிள்ளை நெட்டைதான், நாந்தான் குனியச் சொன்னேன், நான் திருட்டுப்பய, அதையும் சேத்துச் சொல்லு!"

அருளப்பன் சொன்னான். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் பால்துரையின் தோளில் தட்டிக்கொடுத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அருளப்பன் தரையைப் பார்த்தபடி அதைத் தமிழில் சொன்னான்.

"பிள்ளையை ரயில்ல ஏத்த, இங்க வர்ற அப்பா எல்லாரும் பிள்ளை உயரம்னுதான் சொல்லுவாங்களாம் அத்தான். ஆபத்து, அடுத்த வருஷம் வளந்த பொறவு கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாரு."

வாழ்நாளிலேயே முதன்முறையாகப் பால்துரை மகளின் சரியான அளவைச் சொன்னார். நம்புவதற்கு ஆள் இல்லை. திருப்பிக் கொடுத்த பணம் பலகைமேல் கிடந்தது. அதை எண்ணிப் பார்க்காமல் எடுத்துப் பைக்குள் திணித்தார்.

"நீங்க இருமுனீங்களேப்பா" என்றாள் சுகிர்தா. அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும் வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் இரண்டாம் ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். குளிர் மலையில் போய் வந்ததில் பால்துரைக்கு நல்ல சளி. பஞ்சு மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் தொண்டை கரகரத்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். சோலைராஜ் டிக்கெட் கட்டோடு பக்கத்தில் வரவும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

சுகிர்தா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தாள். நேரே அந்தத் தகட்டுக்குப் போய்க் கோட்டுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு குதிகாலையும் தூக்கி எம்பி நின்றாள்.

"அண்ணே, எனக்கு முழு டிக்கெட்டு."

சோலைராஜ் பால்துரையைப் பார்த்தான். கேலி பேச வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டான்.

"குடு தம்பி. மூணும் முழுசு" என்றார் பால்துரை.

"டிக்கெட்டு குடுத்தாச்சு பாப்பா, காலைக் கீழ வையி. உக்காரு" என்றான் சோலைராஜ். அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. சுகிர்தா உட்காரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை குதிகாலைத் தூக்கியபடியே அந்தக் கோட்டோரம் நின்றாள். பால்துரை கண்ணில் நீர் முட்ட, வருகிற இருமலையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.