இரண்டு ரிங்

நேற்று சாயங்காலம் ஆறேகால் இருக்கும். தெரியாத நம்பரிலிருந்து என் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. எனக்கு உடனே சந்தேகம். கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன், அதுவும் கையை விரித்துவிட்டது. லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணோ, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்கிற திருடனோ, எவனாக இருந்தாலும் பிளாக் பண்ணிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். இரண்டு ரிங் என்பது உறைத்ததும் விரல் நின்றுவிட்டது.

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. பால்காரர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாலே பாலில் தண்ணீர் தேடுகிற ஆள் நான். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு ஒருமுறை எங்கள் வீட்டையே இரண்டாக்கப் பார்த்தேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நாங்கள் சிட்லபாக்கத்தில் இருந்தோம். எனக்கு அப்போதுதான் குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி ஆபீசில் காலை ஷிப்ட் கிடைத்திருந்தது. தங்கை கவிதாவைக் காட்டாங்குளத்தூரில் காலேஜில் சேர்ப்பதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. அம்மா அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே கூடத்தில் இருந்துகொண்டு எங்கள் வழியாகப் பேசுவார்கள். தோசை போதுமென்று உங்கம்மாவிடம் சொல் என்பார் அப்பா. மாவும் தீர்ந்துவிட்டதென்று சொல் என்பாள் அம்மா. கவிதா மேல் சின்னதாக ஒரு புகார் வந்தால் போதும், படிப்பை நிறுத்திவிடுவார் அப்பா. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரிங் ஆரம்பித்தது. தினம் ஆறேகாலுக்கு லேண்ட்லைன் இரண்டு தடவை அடிக்கும், நின்றுவிடும். அது மிஸ்டு கால் காலம். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தாயிற்று, இரண்டென்றால் திருப்பிக் கூப்பிடு என்று வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரிங் வராது. கவிதாவுக்கு ரிங் விடுகிறவன் எவனோ காலேஜ் பையன், அவனுக்கு ஞாயிறு லீவாயிற்றே என்று கண்டுபிடித்தேன். போன் அடிக்கும்போது கவிதா ரெகார்டு நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விடுவாள். சரிதான், அம்மாவும் கூட்டு என்று எழுதிக்கொண்டேன் மனசில்.

நம்பர் காட்டும் காலர் ஐடி பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். வந்த நம்பருக்குத் திருப்பி அடித்தால் ஓர் அம்மா எடுத்தார். கிழக்குத் தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடை.

"இது காயின் பாக்ஸுப்பா. ஆயிரம் பேரு பேசிக்கினு போறான். எவன்னு சொல்றது?" என்றார்.

மறுநாள் அங்கே போய்க் கையில் டீயோடு ஒளிந்து நின்றேன். ஒருத்தனும் அந்த மஞ்சள் போனைத் தொடவில்லை. ரயிலிறங்கி சைக்கிள் எடுக்க வந்த அப்பாதான் என்னைப் பார்த்து, இங்கே என்ன வேலை என்று கேட்டு, பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அன்று ரிங்கும் வரவில்லை. பயல் என்னைப் பார்த்து உஷாராகிவிட்டான் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த நாள் முதல் ரிங்கிலேயே பாய்ந்து எடுத்தேன்.

"யாருடா நீ? பொண்ணு இருக்கற வீடுன்னு தெரிஞ்சுதான தினம் அடிக்கிற? தைரியம் இருந்தா நேர்ல வாடா, பொறுக்கி."

அந்தப் பக்கம் ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது. அந்தக் காயின் பாக்ஸில் காசு போட்டால்தான் கூப்பிடுகிறவர் பேசுவது நமக்குக் கேட்கும். நாம் பேசுவது அவருக்குக் காசில்லாமலே கேட்கும்.

கால் மணி நேரம் கழித்து அப்பா நேரில் வந்தார். தோசைக் கல் அன்று காயவே இல்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்து, கவிதாவைக் கூப்பிட்டார்.

"குரல் நல்லாவே கேட்டுச்சுன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. கவிதா என்னையே பார்த்தாள். அவளைத்தான் சந்தேகப்பட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாதான் தனியாகச் சொன்னாள், அப்பா ஸ்டேஷனில் சைக்கிள் எடுக்கிறார் என்பதற்கு அடையாளம் அந்த இரண்டு ரிங், கல் காய நேரம் வேண்டுமே என்று. வாயால் பேசாத இரண்டு பேருக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதையும் நான் கெடுத்தேன்.

அப்புறம் ரிங் வரவில்லை. ஆறேகாலுக்கு அம்மா கூடத்துக்கு வந்து, தூசியே இல்லாத போனை முந்தானையால் துடைத்துவிட்டுப் போவாள். அப்பா இரண்டு தோசையோடு எழுந்துவிடுவார். நாலாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. அவர் ரயில் வருவதற்கு முன்னால் பெட்டிக்கடைக்குப் போய் நானே வீட்டுக்கு ரிங் விட்டுவிட்டு வந்தேன். அன்று அப்பாவுக்கு முறுகலாக நாலு தோசை விழுந்தது. அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாளும் போனேன். ரிசீவரை எடுக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. அப்பா.

"தள்ளு. நேத்து மூணு ரிங் விட்டியாமே?"

"யார் சொன்னா?"

"உங்கம்மா சொன்னா."

"கவிதாகிட்டயா?"

"எங்கிட்டதான்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அப்புறம் நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தி, இரண்டு ரிங் எண்ணி வைத்தார். கவிதா படிப்பை முடித்தாள். என்னிடம் சரியாகப் பேச அவளுக்குத்தான் ஒரு வருஷம் ஆயிற்று.

அந்தப் பெட்டிக்கடை இப்போது செல்போன் கவர் விற்கிற கடை. லேண்ட்லைனை சரண்டர் பண்ணிவிட்டோம். மிஸ்டு கால் விட இன்று யாருக்கும் அவசியமில்லை. அப்பா போய் நாலு வருஷமாகிறது.

நேற்று நான் போனை வெறித்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"எத்தனை ரிங்டா அடிச்சுது?"

"ரெண்டும்மா."

கொஞ்ச நேரத்தில் அடுப்பில் கல் வைக்கிற சத்தம் கேட்டது. அந்த நம்பரை நான் இன்னும் பிளாக் பண்ணவில்லை.