மூன்றுக்குப் பின் ஒன்று

எங்கள் எஸ்டேட் கால்பந்து அணி தொடர்ந்து ஒன்பது ஆட்டங்கள் தோற்றது. முதல் ஆட்டம் பார்க்க நாற்பத்து மூன்று பேர் போனோம். ஒன்பதாவதற்கு நான்கு பேர். எண்ணுவது என் பழக்கம். தோல்வியால் யாரும் விலகவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்ததும்தான் அடுத்தவரும் எழுந்தார்.

என் பக்கத்தில் எப்போதும் மரியதாஸ் நிற்பார். நான் மூன்று முறை கைதட்டினால், அவர் பலமாக ஒன்று தட்டி முடிப்பார். அது எங்கள் கைதட்டல் என்று அணி முழுக்கத் தெரியும். ஒன்பதாவது ஆட்டத்துக்குப் பின் வந்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். "நம்ம பசங்கள உட்டுராதீங்க சார்" என்பதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

பத்தாவது ஆட்டம் நடுவட்டம் என்ற ஊரில். எங்கள் பக்கம் நான் ஒருவன்தான். இடைவேளைக்குள் ஆறு கோல் வாங்கிவிட்டோம். மூடுபனி இறங்கி மைதானமே மறைந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் கோல்கீப்பர் ராஜன் வீடு தேடி வந்தான்.

"ரொம்ப நன்றிங்க சார். பனியில உங்க மொகம் தெரியலீங்க. ஆனா கடைசி விசில் வரைக்கும் கைதட்டு கேட்டுதுங்க. அதுலதானுங்க ஓடுனோம்."

அவன் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஏனுங்க சார், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தட்டோட நிறுத்திட்டீங்க? மிச்சம் மூணு எங்கீங்க?" என்று சிரித்தான்.

பாதியில் போனதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. அதன்பின் கடைசி விசிலுக்கு முன் நான் மைதானத்தை விட்டு நகர்ந்ததும் இல்லை. மூன்று தட்டிவிட்டு, நான்காவதற்கு இடம் விட்டு நிறுத்துவேன். மூடுபனி இறங்கும் நாட்களில் மட்டும் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பதில்லை.