பிக்கரிங்கில் பிடித்த ஆறு மீன்

1994, ஓகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறு. முதல் ரயிலைப் பிடிக்க நானும் சிவமும் நாங்கள் குடியிருந்த பார்க்டேலில் இருந்து நடந்தே போனோம். சிவம் என் அறைத்தோழன். கரவெட்டிக்காரன், இருபத்தாறு வயது, கனடா வந்து ஒன்றரை வருடம். அவனுடைய அகதி வழக்கு வருகிற வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. ஒரு கிழமையாக அவன் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, என்னை நித்திரை கொள்ள விடவும் இல்லை. படுக்கையில் கிடந்தபடி ஒரு கதையை முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். யாரோ ஒரு புண்ணியவான், "உன்ரை கதை காணாது, கொஞ்சம் கூட்டிச் சொல்லு" என்று கட்டிக்கொடுத்த கதை. அதிலே சிவத்தின் தமையனைக் கண்முன்னாலேயே சுட்டுவிடுகிறார்கள். உண்மையில் தமையன் வவுனியாவில் உயிரோடு இருக்கிறார். இரண்டு முறை சீருடைக்காரரிடம் பிடிபட்டு அடிவாங்கி, ஒரு காது மந்தமாகிப்போனவன் சிவம்தான். அது காணாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பயந்து கிடக்கிறவனோடு என்னத்தைக் கதைப்பது? மீன் பிடிக்கவாவது கூட்டிப்போவோம் என்று இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

யூனியன் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து பிக்கரிங் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர், முக்கால் மணித்தியாலப் பயணம். இந்தப் பச்சை ரயிலில் கிழக்கே போகிறவர்களுக்கு ஒரு புத்திமதி: மேல்தட்டில் வலப்பக்கமாக இருங்கள். ஸ்காபரோ வரைக்கும் வேலிகளும் கட்டடங்களின் முதுகுகளும்தான். ரூஜ் ஆற்றைத் தாண்டும்போது தண்டவாளத்துக்கு அருகிலேயே ஒன்ராறியோ ஏரி வந்துவிடும். எட்டிக் கைநனைக்கலாம் போல இருக்கும். சிவம் யன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவன் முணுமுணுக்கவில்லை.

நிலையத்தில் நேசன் அண்ணை காரோடு நின்றார். மயிலிட்டி ஆள். பத்து வருடத்துக்கு முதல் வந்து, இப்போது பிக்கரிங்கில் சொந்த வீடு, கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கார்க்கதவைத் திறந்ததும் மீன் வெடுக்கு மூக்கில் அடித்தது.

"விடியவே ஏரிக்குப் போய் மூண்டு பிடிச்சிட்டன். நீங்கள் ஆடி அசைஞ்சு வாறியள். லைசன்ஸ் கொண்டந்தனீங்களோ?"

சிவம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். லைசன்ஸ் எடுக்காமல் அவன் ஏரியைத் தொடவும் மாட்டான். இங்கே தூண்டில் போடுவதற்கும் சட்டம் உண்டு. சமன், ட்ரவுட் வகை மீன்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. அதற்கு மேல் பிடித்து வைத்திருந்தால் தண்டம்.

பிக்கரிங் குடாவின் வாயில் ஏரிக்குள் நீளும் கொங்கிறீற் அணையில் போய் நின்றோம். கிழக்கே அணுமின் நிலையத்தின் உருண்டைக் கூரைகள் தெரிந்தன. முதல் வீச்சிலேயே சிவத்தின் தூண்டில் வில்லாய் வளைந்தது. "விடு, விடு, நூலை விடு! இழுக்காதை, விசரா!" என்று நேசன் அண்ணை கத்த, நான் கைவலையோடு அங்குமிங்கும் ஓட, கடைசியில் என் தொடை நீளத்துக்கு ஒரு சமன் மேலே வந்தது. மதியத்துக்குள் அவனுக்கே இன்னும் இரண்டு. எனக்கு ஒரு பாசிக்கொத்து மாட்டியது. பிடித்ததையெல்லாம் நேசன் அண்ணையின் மூன்றும் கிடந்த பெரிய ஐஸ் பெட்டிக்குள்ளேயே போட்டோம். எங்கள் வழக்கம் அதுதானே. யார் பிடித்தாலும் ஒரே பெட்டி, கரையில்தான் பங்கு.

அப்போதுதான் பச்சைச் சீருடையில், கையில் அட்டையோடு ஒரு பெண் அணைமேல் நடந்து வந்தாள். மீன்வள அதிகாரி. சிவத்தின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. அவள் வணக்கம் சொல்லி, பெட்டியைத் திறந்து பார்த்து, யார் எத்தனை பிடித்தீர்கள் என்று கேட்டாள்.

நேசன் அண்ணை ஓரடி முன்னுக்கு வந்து சிவத்தை மறைத்து நின்றார். "ஓல் மைன்," என்றார். எல்லாம் என்னுடையது.

எனக்கு விளங்கியது. ஊரில் சோதனைச் சாவடிகளில் பழகின மனுசன். சீருடையைக் கண்டால் பொறுப்பான ஒருவர் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டு மற்றவரைத் தப்பவிட வேண்டும். அவசரத்தில் மனுசன் கணக்கை மறந்துவிட்டார். மூன்றும் மூன்றும் ஆறு. உண்மையைச் சொன்னால் ஒருவரிலும் குற்றமில்லை. பொய்யைச் சொல்லி ஒரு மீனால் குற்றவாளியானார்.

ஆறு என்றால் தண்டம் எழுத வேண்டும் என்றாள் அவள். "எழுதட்டும். நான் கட்டுறன். நீங்கள் வாயைத் திறவாதேங்கோ," என்று நேசன் அண்ணை தமிழில் எங்களை அதட்டினார்.

அவள் பேனாவை எடுத்தாள். நேசன் அண்ணையின் முதுகுக்குப் பின்னால் இருந்து சிவம் வெளியே வந்தான். லைசன்ஸை நீட்டினான்.

"த்ரீ மைன். த்ரீ ஹிஸ்." பிறகு என்னைக் காட்டி, "ஹிம், நத்திங்," என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். கார் நிறுத்துமிடத்தில் இருந்து தொலைநோக்கியால் தான் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். பிழையான கணக்குக் கொடுப்பதும் குற்றம்தான் என்று நேசன் அண்ணையை எச்சரித்தாள். இந்தச் சமன் ஏரியின் சொந்த மீன் அல்ல, மேற்குக் கடலில் இருந்து கொண்டுவந்த இனம், வருடாவருடம் குஞ்சு வளர்த்து விடுகிறோம், எத்தனை விடுவது என்பதை நீங்கள் சொல்லும் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம் என்றும் சொன்னாள். மீன்களை அளந்தாள். என் பூச்சியத்தையும் மினக்கெட்டு எழுதிக்கொண்டாள். இனி ஒவ்வொருவரின் மீனையும் வேறாக வையுங்கள் என்றாள். நான் என் சப்பாத்துக் கயிற்றைக் கழற்றிச் சிவத்தின் மூன்றையும் செவுளில் கோத்துக் கட்டினேன். போகும்போது அவள் சிவத்தின் தோளில் தட்டி, நல்ல மீன்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பெயர் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நல்லாயிருக்க வேணும்.

நேசன் அண்ணை வீட்டில் பழையபடி எங்கள் சட்டம். ஆளுக்கு இரண்டு. ஒன்றும் பிடிக்காத எனக்கும் இரண்டு. அவருடைய மனைவி பொரித்துத் தந்த துண்டங்களைத் தின்றுவிட்டுப் பின்னேர ரயில் ஏறினோம். இப்போது ஏரி இடப்பக்கம்.

"அண்ணை, நான் உண்மையைச் சொல்லி ஒரு யூனிபோம் என்னை விட்டது இதுதான் முதல் தரம்," என்றான் சிவம். எனக்குத்தான் கண் கலங்கியது.

வியாழன் பின்னேரம், நான் கோப்பை கழுவும் உணவகத்துக்குத் தொலைபேசி வந்தது. ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தேன்.

"ஓம் எண்டிட்டினம் அண்ணை!" அவன் அழுதுகொண்டிருந்தான். "அந்தக் கதையை நான் எடுக்கவே இல்லை. அண்ணா உயிரோடை இருக்கிறார் எண்டும் சொன்னன். எனக்கு நடந்ததை மட்டும் சொன்னன். அது காணுமாம், அண்ணை. அது காணுமாம்."