ஸ்லோ லோக்கலின் கடைசி டப்பா

போன மழைக்காலத்தில் ஒரு நண்பகல். தாராவியில் வேலை பார்த்த தோல்பைப் பட்டறையை உதறிவிட்டு, துணிப்பையோடு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முதலாளியோடு வாய்ச்சண்டை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேலையை விடுவதும் எனக்குப் பழக்கம்தான்.

மழை கொட்டியது. தாழ்வான ஓர் இடத்தில் முழங்கால் தண்ணீரில் பள்ளி வேன் ஒன்று நின்றுபோயிருந்தது. உள்ளே ஐந்து குழந்தைகள், ஒரே அழுகை. டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி.

"எய்யா, சும்மாதான போறே? ஒத்த ஆளா அஞ்சு பிள்ளையளை எப்படி இறக்க? கொஞ்சம் கை குடு!"

ஏறினேன். "ஒண்ணும் இல்ல, அழாதீங்க!" என்று அதட்டினேன். அழுகை இரண்டு மடங்கானது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி என்னை முறைத்தாள்.

"அங்கிள் ஜூட் சொல்றாங்க. தண்ணி உள்ள வருது, பாருங்க."

ஜூட் என்றால் இந்தியில் பொய். அதைச் சொல்லிப் பிழைப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் இப்படி உடனே மாட்டிக்கொண்டதில்லை.

"ஆமா, தண்ணி ஏறுது," என்றேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதோ அந்தக் கட்டடப் படிக்கட்டுக்கு நடந்து போகணும். எல்லாரும் சேர்ந்துதான் போவோம்."

அழுகை கொஞ்சம் குறைந்தது. அவளுக்கு இன்னொரு கவலை. "ஷூ நனைஞ்சா மம்மி அடிப்பாங்க."

"மம்மிகிட்ட நான் பேசுறேன்."

அண்ணாச்சி இருப்பதிலேயே சின்னக் குழந்தையைத் தோளில் ஏற்றி, மூங்கில் கழியை எடுத்தார். "ரயில் கிளம்புது! நான் மோட்டார்மேன், இவன் கடைசி டப்பாவுல, அதாம் கடைசிப் பெட்டியில, கார்டு. முன்னால நிக்கிற பிள்ளையோட பையை யாரும் விடப்படாது."

"ஃபாஸ்டா, ஸ்லோவா?" என்றான் ஒரு பையன்.

"ஸ்லோதாம்லே. எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்."

கழியால் தரையைத் தட்டிப் பார்க்க அவர் நிற்கும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு ஸ்டேஷன் பெயரைக் கூவினார்கள்: "சயான்!" "குர்லா!" குர்லா தாண்டியதும் கழி சட்டென்று பாதிக்கு மேல் உள்ளே போனது. மூடியில்லாத சாக்கடைக் குழி.

"ரெட் சிக்னல்! அசையப்படாது!" குரலில் நடுக்கமே இல்லை. நானாக இருந்தால் நேராக உள்ளே போயிருப்பேன், பிள்ளைகளும் பின்னாலேயே. சுவரோரமாகச் சுற்றிப் போனோம். பிள்ளைகள் "காட்கோபர்!" என்று கூவும்போது படிக்கட்டு வந்துவிட்டது.

"தாணே வரைக்கும் போகலியா?" என்று சண்டை பிடித்தான் ஃபாஸ்ட் கேட்டவன்.

கட்டடத்துக்காரர்கள் துண்டும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். அதற்குள் இடுப்பளவு ஏறிவிட்ட தண்ணீரைத் தாண்டி அந்தப் பெண்ணின் அம்மா அழுதபடி ஓடிவந்தார்.

"மம்மி, நான்தான் லேடீஸ் டப்பா!" என்றாள் மகள்.

ஷூ விஷயத்தை நான் மறக்காமல் சொன்னேன். அம்மா அழுகையோடு சிரித்துவிட்டார்.

"கார்டு இல்லாம வண்டி ஓடாதுய்யா, நாளையில இருந்து வேனுக்கு வந்துரு," என்றார் அண்ணாச்சி.

பயந்த பிள்ளைக்கு உண்மையைச் சொல்லி, கையில் பிடித்துக்கொள்ள எதையாவது கொடுத்தால் அது தன் காலாலேயே நடந்து வந்துவிடும் என்பதை ஓர் ஆறு வயதுக்காரியிடமும் அண்ணாச்சியிடமும் கற்றுக்கொண்டவன் நான். மறுநாள் பள்ளி விடுமுறை என்றாலும், காலை ஏழு மணிக்கே வாளியோடு போய் அந்த வேனிலிருந்து சேற்றை அள்ளத் தொடங்கினேன்.