ஜின்செங் வேரும் ஒரு துண்டு கருவாடும்

ஜின்செங் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். சீனாவில் ஏதோ ஒரு மலையில் விளையும் அந்த வேர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அக்கா புருஷனைத்தான் சொல்கிறேன்.

2008 வாக்கில் அவர் நெல்லிக்குப்பத்தில் வைத்திருந்த உரக்கடையை மூடிவிட்டு, டை கட்டிக்கொண்டு, ஆள் சேர்த்து விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். முதல் டப்பா திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி.

"மலையில வெளையற வேரு அத்த. சீனாவுல ராஜாவுங்க மட்டும்தான் சாப்டுவாங்களாம்" என்றார்.

அம்மாவுக்கு வேர் என்றால் நாட்டு மருந்து. நாட்டு மருந்து என்றால் பத்தியம். புளி கூடாது, மீன் கூடாது, இங்கிலீஷ் மாத்திரையும் கூடாது. டப்பாவில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னபோது, அந்த மனுஷன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நல்லது அத்த, அப்பதான் வேல செய்யும்."

நான் கத்தினேன். "மாப்ளைய எதுத்துப் பேசாத" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள்.

பத்தியச் சோறு தின்று துரும்பாக இளைத்தாள். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் கருவாடு வறுத்துத் தட்டில் வைத்தேன். ஒரே ஒரு துண்டு, ருசித்துத் தின்றாள். செருப்பு கடித்த புண் அதற்கு முன்பே காலில் கறுத்துப்போயிருந்தது. எங்களிடம் காட்டவில்லை.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை எடுத்தார்கள். மாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு வராந்தாவில் நின்று, பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், "மருந்து மேல தப்பில்ல. பத்தியத்துல இருந்தவங்களுக்குக் கருவாட்டப் போட்டுட்டான்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடிக்கப் போனேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

உள்ளே போய், "நீயே சொல்லும்மா, எதனால வெரல் போச்சு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ஆசையாத்தான் குடுத்த. நாந்தான் வாயக் கட்டியிருக்கணும்."

அதன்பிறகு மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். என் கையால் கருவாடு மட்டும் வாங்கித் தின்னவேயில்லை. மாப்பிள்ளை வரும் நாளில் அவருக்கு வறுக்கச் சொல்வாள். நான்தான் வறுத்துப் பரிமாறுவேன்.